பத்துத் தட்டு முட்டை

ராசிபுரம்
10.06.2024

அன்புத் தம்பி பிரபாகருக்கு அக்கா மஞ்சுளா எழுதுவது.

இங்கே நானும், உன் மனைவி தனப்பிரியாவும், பாப்பாவும் சுகம். உன் உடம்பு எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதா என்பதை முதலில் எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

உன் போனுக்கு அடித்து அடித்து என் விரல்தான் தேய்ந்தது. பொறுக்க முடியாமல் நீ வேலை பார்க்கும் போர்வெல் ரிக் கம்பெனியின் திருச்செங்கோட்டு ஆபீசில் போய் நின்றேன். "லெட்டரா எழுதிக் குடுங்கக்கா, தொளை போடற பிட்டு ஏத்திட்டுப் போற லாரில டிரைவர் கந்தப்பண்ணன் கொண்டுபோயி அவரு கைலயே குடுத்துருவாருங்க" என்றார்கள். நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது உனக்குக் கடுதாசி எழுதியது. அதற்குப் பிறகு இப்போதுதான் எழுதுகிறேன்.

இருபது வருஷமாக நம் பைக் கம்பெனி ஓரி மோட்டார்ஸில் எஞ்சின் என்றால் நீ. நான் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவள், அவ்வளவுதான். உன் இரும்புக் கம்பியின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, ஒரு நிமிஷம் கேட்டு, சாக்பீஸால் நீ டிக் போட்டால்தான் பைக் வாசலைத் தாண்டும். பிப்ரவரியில் போன இருநூற்றுப் பன்னிரண்டு பைக்கும் எஞ்சின் இறுகித் திரும்பி வந்தன. யாரும் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீயாகவே கம்பியை என் மேசைமேல் வைத்துவிட்டு, போர் போடுகிற ரிக் வண்டியில் மெக்கானிக்காகச் சத்தீஸ்கர் போய்விட்டாய். கோபமோ வருத்தமோ, சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் அல்லவா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஏப்ரல் ஒன்று முதல் புதுப் புகை விதி. அதற்குப் பிறகு நம் பழைய எஞ்சினை விற்க முடியாது. விற்பனை பார்க்கும் கலையரசன், வெளிக் கம்பெனி ஒன்றின் ரெடிமேட் எஞ்சினை வாங்கி மாட்டிவிடலாம் என்கிறார். வேகம் அதிகம், பையன்கள் அள்ளிக்கொண்டு போவார்கள் என்கிறார். அப்படிச் செய்தால் நம் வார்ப்படப் பட்டறையும் லேத்தும் எதற்கு? எண்பத்து நாலு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இன்னொரு வழி, நீ வரைந்து, மாதிரியும் ஒன்று செய்து, தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறாயே, அந்த எஞ்சின். இரண்டில் ஒன்றுக்குத்தான் நமக்குத் தெம்பு இருக்கிறது. ஆயுத பூஜைக்குள் முடிவெடுக்க வேண்டும். எது என்று நீ சொல்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
அக்கா மஞ்சுளா


கொண்டகாவ் பக்கம், சத்தீஸ்கர்
04.07.2024

மதிப்பிற்குரிய அக்காவுக்கு பிரபாகரின் வணக்கம்.

நான் சுகமாக இருக்கிறேன். சமையல்காரர் நம் குமாரபாளையத்துக்காரர் என்பதால் சாப்பாட்டுக்குக் குறையில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இங்கே காட்டில் டவர் கிடைப்பதில்லை. போனைப் பெட்டியில் போட்டுவிட்டேன். கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. எல்லோரும் கையைக் காட்டியே பேசிக்கொள்கிறோம். எனக்கு இது பிடித்திருக்கிறது.

எஞ்சினைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கலையரசன் சொல்கிறபடி வாங்கிவிடுங்கள். நான் இனி எந்த எஞ்சினுக்கும் டிக் போடுவதாக இல்லை. ஏன் என்று கேட்காதீர்கள். கம்பியைச் சோதனைப் பிரிவுக் கயல்விழியிடம் கொடுத்துவிடுங்கள்.

தனப்பிரியாவிடமும் பாப்பாவிடமும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பிரபாகர்


ராசிபுரம்
02.08.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. கைப்பிடி அளவுதான் எழுதியிருந்தாய். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. இங்கே வேறு யாருக்கும் குறையில்லை.

டவர் இல்லையா? உன் பக்கத்தில் படுத்துக்கொண்டே கந்தப்பண்ணன் தினமும் வீடியோ காலில் பேத்தியைக் கொஞ்சுகிறாராமே. அவர் வீட்டம்மா சொன்னார். சரி, அந்தப் பேச்சு வேண்டாம்.

மோகனூர் பாலசுந்தரம் என்று ஒருவர். புதுச்சத்திரம் கோழிப் பண்ணையில் முட்டை எடுத்து, பைக்கில் கொண்டுபோய்க் கடைகளுக்குப் போடுகிறவர். திரும்பி வந்த வண்டிகளில் அவருடையதும் ஒன்று. நாமக்கல் நடுரோட்டில் எஞ்சின் இறுகி நின்று, பத்துத் தட்டு முட்டையும் தார் ரோட்டில் கொட்டிவிட்டதாம். மனுஷனுக்கு அடிபடவில்லை. சரிசெய்த வண்டியை எடுக்கப் போன மாதம் அவரே பேக்டரிக்கு வந்தார். "ரோட்டுல ஆம்லெட் போட்டுக் குடுத்துட்டீங்க, வெங்காயம் மட்டுந்தானுங்க கொறை" என்றார். நான் சிரிப்பதா அழுவதா?

அவரை உட்காரவைத்துக் கலையரசனின் எஞ்சினைப் பற்றிச் சொன்னேன். "வேகமெல்லாம் எனக்கெதுக்குங்க? பத்துத் தட்டு முட்டை ஒடையாம மோகனூரு போய்ச் சேரோணும். அதுக்கொரு வண்டி இருந்தாச் சொல்லுங்க" என்றார். அந்தப் பேச்சு எனக்குள் தங்கிவிட்டது. நம் வண்டி வாங்குகிறவர்கள் யார்? முட்டைக்காரர், பால்காரர், தேங்காய் ஏற்றுகிறவர். இருபது வருஷத்தில் அவர்களிடம் நாம் இதைக் கேட்டதே இல்லை.

கேட்டதோடு விடவில்லை. கலையரசனின் எஞ்சினை ஒரு வண்டியில் மாட்டி, முந்நூறு முட்டை ஏற்றி மோகனூர் வரை ஓட்டச் சொன்னேன். எழுபத்தோரு முட்டை விரிசல். உன் தார்ப்பாயை நீக்கி, உன் மாதிரி எஞ்சினை இன்னொரு வண்டியில் மாட்டி ஓட்டினோம். அதில் ஐம்பத்தெட்டு. இரண்டும் உருப்படாது என்கிறார் பாலசுந்தரம்.

ஒரு வாரமாகக் கேன்டீனில் மூன்று வேளையும் முட்டைதான்.

அக்கா மஞ்சுளா


கொண்டகாவ்
29.08.2024

அக்காவுக்கு வணக்கம்.

நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். மழையில் வேலை மந்தமாகத்தான் நடக்கிறது.

பாலசுந்தரத்திடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவர் நடுரோட்டில் நின்றது என்னால்தான். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

என் முடிவில் மாற்றமில்லை, வெளி எஞ்சினை வாங்குங்கள்.

பிரபாகர்

பின்குறிப்பு: விரிசல் விட்டவை மேல் தட்டுகளிலா, அடித் தட்டுகளிலா?


ராசிபுரம்
30.09.2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நலமாக இருக்கக் கொல்லிமலை அறப்பளீசுவரரை வேண்டிக்கொண்டேன்.

உன் பின்குறிப்பை நான்கு தடவை படித்தேன். அது மட்டும்தான் என் தம்பி எழுதியது. மற்றதெல்லாம் வேறு யாரோ எழுதியது போல இருந்தது.

உன் எஞ்சினை மறுபடி ஓட்டிப் பார்த்தோம். கயல்விழி தட்டு வாரியாகக் குறித்திருக்கிறாள். இந்தத் தடவை மொத்தம் ஐம்பத்தாறு. அடி இரண்டு தட்டில் பதினொன்று. நடுவில் ஆறு. மேல் மூன்று தட்டில் மட்டும் முப்பத்தொன்பது. அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் மேல் தட்டு முட்டை தனியாக ஆடுகிறதாம்.

கலையரசனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நம் எஞ்சின்தான், நம் வார்ப்படம்தான். ஆயுத பூஜைக்குக் காத்திருக்கவில்லை. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. சரியாக வராவிட்டால் ஏப்ரலில் வாசலைப் பூட்ட வேண்டியதுதான்.

கந்தப்பண்ணன் லாரி லோடுக்கு வந்தபோது பேக்டரிக்கு வந்தார். டீ குடித்தார். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

இனி உனக்குப் போன் அடிக்க மாட்டேன். கடுதாசியே எழுதுகிறேன். எனக்கும் இது பழகிவிட்டது.

அக்கா மஞ்சுளா


கொண்டகாவ்
24.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே? நானும் நலம். உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் பேப்பரும் பென்சிலும் வாங்கி வரச் சொன்னேன்.

முதலில் இதைச் செய்யுங்கள். பேளுக்குறிச்சிப் பக்கம் நல்ல இறக்கம் ஒன்று பார்த்து, அதே பத்துத் தட்டை ஏற்றி, ஒரு தடவை எஞ்சினை ஓடவிட்டும் ஒரு தடவை அணைத்துவிட்டும் அதே வேகத்தில் இறக்குங்கள். அணைத்து இறக்கும்போது உடைவது ரோட்டின் குற்றம். அதைவிட அதிகமாக உடைவது எஞ்சினின் குற்றம். என் கணக்கு சரியாக இருந்தால், அடித் தட்டு ரோட்டுக்கு, மேல் தட்டு எஞ்சினுக்கு.

அப்படியானால் பேலன்சர் ஷாஃப்டில் எடை போதவில்லை. பிஸ்டன் குலுக்குவதை எதிர்ப்பக்கம் குலுக்கி அடக்கும் தண்டு அது. செலவாகும் என்று பயந்து நான் சன்னமாக வரைந்துவிட்டேன். கயல்விழி எடையைக் கூட்டட்டும். பிஸ்டன் ஏறி இறங்கும் நீளத்தைக் கூட்டிச் சுற்றைக் குறையுங்கள். உச்ச வேகம் எண்பத்தைந்தோடு நிற்கட்டும். கலையரசன் கத்துவார், கத்தட்டும். முட்டைக்காரருக்கு எண்பத்தைந்தே அதிகம். படம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன், பதினோரு பக்கம்.

இன்னொன்று. இங்கே துளை போடுகிற ஆபரேட்டர் கண்ணை மூடிக்கொண்டு லீவரில் கை வைத்திருப்பார். கீழே முந்நூறு அடியில் மண் போய்ப் பாறை வந்தால் அந்த நடுக்கத்திலேயே சொல்லிவிடுவார். நானும் பழகினேன். இப்போது எனக்கும் தெரிகிறது. கயல்விழியைப் பெட்ரோல் டேங்கின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எழுத எழுத வருகிறது, நிறுத்திக்கொள்கிறேன்.

பாப்பா படிக்கிறாளா?

உங்கள் தம்பி
பிரபாகர்


ராசிபுரம்
01.12.2024

அன்புத் தம்பிக்கு,

சுகம். பாப்பா கணக்கில் முதல் மார்க். அவள் அப்பன் பெண் என்று நிரூபித்துவிட்டாள்.

நீ சொன்னபடியே இறக்கிப் பார்த்தோம். எஞ்சினை அணைத்து இறக்கியதில் அடித் தட்டில் மட்டும்தான் விரிசல். கயல்விழி ரோட்டிலேயே குதித்தாள். எடையைக் கூட்டி, நீளத்தைக் கூட்டி, புது எஞ்சின் ஒன்று செய்தாயிற்று. மோகனூர் போய் வந்ததில் பத்தொன்பது முட்டை. பாலசுந்தரம் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பரவால்லீங்க, இன்னுங் கொஞ்சம்" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

வேறு செய்தி. சோதனை அறையில் வேலை செய்கிற எல்லோரையும் சேலத்துக்கு அழைத்துப்போய்க் காது டாக்டரிடம் காட்டினேன். எட்டுப் பேரில் மூன்று பேருக்குக் குறை இருக்கிறது. காதுக்குக் கவசம் இல்லாமல் யாரும் அறைக்குள் போகக்கூடாது என்று போர்டு எழுதி மாட்டிவிட்டேன். முன்பே செய்திருக்க வேண்டும்.

ஜனவரி கடைசியில் புகைச் சோதனை. அதற்கு முன் ஒரு தடவை வந்து பார்க்கிறாயா?

அக்கா மஞ்சுளா


ராசிபுரம்
08.01.2025

அன்புத் தம்பிக்கு,

ஐந்து வாரம் ஆகிவிட்டது. லாரி இரண்டு நடை வந்து போனது, உன் பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நீ வர வேண்டாம், எஞ்சினைப் பற்றியும் எழுத வேண்டாம். "இருக்கிறேன்" என்று ஒரு வரி எழுது, போதும்.

பொங்கலுக்குத் தனப்பிரியாவையும் பாப்பாவையும் என் வீட்டுக்கு அழைத்து வருகிறேன். முறுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அக்கா


கொண்டகாவ்
21.01.2025

அக்கா,

இருக்கிறேன். முறுக்கு வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன், ஆனால் இந்தத் தடவை பொய் எழுத முடியவில்லை.

எனக்குக் காது கேட்பதில்லை அக்கா. இரண்டு வருஷமாகவே குறைந்துகொண்டு வந்தது. போன வருஷம் தை மாசத்துக்குள் மெல்லிய சத்தம் எல்லாம் போய்விட்டது. வீட்டில் தனப்பிரியா கூப்பிடுவது கேட்காமல் உட்கார்ந்திருப்பேன், எனக்குக் கோபம் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். போனில் பேசினால் தெரிந்துவிடும் என்றுதான் எடுக்கவில்லை. டவர் நன்றாகவே கிடைக்கிறது.

பிப்ரவரி எஞ்சின்களில் பிஸ்டனைக் கோத்திருக்கும் பின் தளர்ந்து தட்டுகிற சத்தம் கட்டாயம் இருந்திருக்கும். கம்பியைக் காதில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்னால் வரிசையில் பையன்கள் நின்றார்கள். டிக் போட்டேன். அடுத்ததுக்கும் போட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு டிக் போட்டேன் அக்கா, ஒன்றைக்கூடக் கேட்காமல். யாராவது செத்துப்போயிருந்தால்?

நீங்கள் வா என்று எழுதியதைப் படித்துவிட்டு ஐந்து வாரம் பெட்டிக்குள் வைத்திருந்தேன். காது கேட்காத எஞ்சின்காரன் வந்து என்ன செய்யப் போகிறான்?

பிரபாகர்


ராசிபுரம்
12.02.2025

என் சாமிக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருக்கிறாய், அதை நான் சொல்கிறேன்.

எனக்குச் செப்டம்பரிலேயே தெரியும். கந்தப்பண்ணன் டீ குடித்துக்கொண்டே, "தம்பியப் பின்னால இருந்து கூப்புட்டாத் திரும்ப மாட்டாருங்கம்மிணி, தோளத் தொடோணும். கம்ப்ரசரு நின்னாலும் அப்படித்தானுங்க" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நீயாகச் சொல்லும் வரை வாயைத் திறக்கக்கூடாது என்று இருந்தேன். தனப்பிரியாவிடம் மட்டும் சொன்னேன். "கோவம்னு நெனச்சு நானும் பேசாம இருந்துட்டனேக்கா" என்று அவளும் அழுதாள். உன்மேல் அவளுக்கு வருத்தம் இருக்கிறது, அதை நீ நேரில் தீர்த்துக்கொள்.

உன் தப்பு பெரியதுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். திரும்பி வந்த வண்டிகளை எல்லாம் சரிசெய்து கொடுத்துவிட்டோம். ஆனால் இருபது வருஷம் அந்தச் சத்தத்துக்குள் உன்னை நிறுத்தி வைத்தது யார்? ஒரு மனுஷன் காதை நம்பிக் கம்பெனி நடத்தியது யார்? உன் காதைத் தின்றது நம் கம்பெனி, அதன் முதலாளி நான். நாம் இரண்டு பேரும்தான் இதைச் சுமக்க வேண்டும்.

புகைச் சோதனையில் உன் எஞ்சின் பாஸ். முதல் தடவையிலேயே. இனி ஒன்றுதான் பாக்கி. பத்துத் தட்டு ஏற்றிக் கொல்லிமலை எழுபது வளைவையும் ஏறி இறங்க வேண்டும். அது ஆனால்தான் ஊரெல்லாம் சொல்லுவேன் என்கிறார் பாலசுந்தரம். மலையில் இரண்டாவது கியரில் ஒரு நடுக்கம் இருக்கிறது. அதிர்வை அளக்கும் மீட்டரில் தெரியவில்லை. கயல்விழி கை வைத்துப் பார்த்துவிட்டு, "என்னமோ இருக்குதுங்க, என்னன்னு எனக்குத் தெரியலீங்க. சார் வந்தாத் தெரியும்" என்கிறாள்.

காது கேட்காத எஞ்சின்காரன் என்ன செய்வான் என்று கேட்டாய். மலைக்கு வந்து டேங்கில் கை வைப்பான்.

அக்கா மஞ்சுளா


கொண்டகாவ்
25.02.2025

அக்காவுக்கு,

சுகம். கந்தப்பண்ணன் லாரி வெள்ளிக்கிழமை கிளம்புகிறது. இந்தக் கடிதமும் அதில்தான் வருகிறது, நானும் அதில்தான் வருகிறேன். எது முன்னால் இறங்குகிறது என்று பாருங்கள்.

பிரபாகர்


பேக்டரி, ராசிபுரம்
07.04.2025

அன்புத் தம்பிக்கு,

நலமா என்று கேட்க வேண்டியதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருப்பது தெரிகிறது. உன் மேசைக்கும் என் மேசைக்கும் நாற்பது அடிதான். ஆனாலும் எழுதுகிறேன். சேலத்து டாக்டர் கொடுத்த காது மிஷினில் பாப்பா பேசுவது கேட்கிறது என்றாய், அதற்கு அது இருக்கட்டும். எனக்கு இந்தக் கடுதாசியே போதும். முன்பெல்லாம் ஒரே கூரைக்குள் இருந்துகொண்டு நாம் இவ்வளவு பேசியதில்லை.

மலைக்குப் போய் வந்ததைப் பற்றி நாம் சரியாகப் பேசிக்கொள்ளவே இல்லை. நடுக்கத்தைச் சரிசெய்த பிறகு எழுபது வளைவு, முந்நூறு முட்டை, நாலு விரிசல், நாலும் அடித் தட்டில். பாலசுந்தரம் இரண்டு தடவை எண்ணினார். நம்பாமல் மூன்றாம் தடவை அவர் வீட்டம்மாவை விட்டு எண்ணச் சொன்னார். இரண்டாவது கியர் நடுக்கம் செயின் பக்கத்து ரப்பரில்தான் என்று நீ ஐந்தாவது வளைவிலேயே சொன்னபோது, கயல்விழி உன்னைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் அன்றைக்கு வாய்விட்டுச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

இனி மூன்று டிக். மீட்டர் பார்த்துக் கயல்விழி ஒன்று, கை வைத்து நீ ஒன்று, ஓட்டிப் பார்த்து நான் ஒன்று. மூன்றும் இல்லாமல் எந்த வண்டியும் வாசலைத் தாண்டாது. எண்பத்து நாலு பேரும் இருக்கிறார்கள். கலையரசன்கூட விளம்பரத்தில் முட்டைப் படம் போட ஒத்துக்கொண்டார்.

இன்று மத்தியானம் முதல் பத்து வண்டி கிளம்ப வேண்டும். முதல் வண்டிக்குப் பாலசுந்தரம் மாலையோடு வந்து வாசலில் நிற்கிறார். லாரியும் காத்திருக்கிறது. நான் பத்தையும் ஓட்டிப் பார்த்து டிக் போட்டுவிட்டேன், நீயும் சீக்கிரம் போட்டு அனுப்பு.

அக்கா மஞ்சுளா


(அதே தாளின் பின்பக்கம்)

அக்கா,

நலம். வடை இன்னும் இரண்டு இருக்கிறது, ஆறுவதற்குள் வாருங்கள்.

ஒன்பது வண்டிக்கு டிக் போட்டுவிட்டேன். பாலசுந்தரத்தின் வண்டி அதில் இருக்கிறது, அவரை அனுப்பலாம். ஏழாம் நம்பருக்குப் போடவில்லை. கயல்விழி மீட்டரில் சரி என்கிறாள், ஆனால் என் கை சரியில்லை என்கிறது. லாரி காத்திருக்கட்டும். எஞ்சினைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

நீங்களும் வந்து டேங்கில் கை வைத்துப் பாருங்கள்.

பிரபாகர்